எஞ்சினைத் தாங்கும் நாலு போல்ட்

எஞ்சின் ஸ்டாண்டு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். ஸ்டிக்கரில் 450 கிலோ என்று போட்டிருந்தால் மனசு நிறைந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள் என்பேன்.

என் வீட்டு ஷெட்டில் நான் பிரித்து மாட்டுவது பெரும்பாலும் அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான். உத்தரப்பாராவில் அந்தக் கார் தயாரிப்பு 2014இல் நின்றுபோனது. வைத்திருப்பவர்கள் விடுவதாக இல்லை. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. முழு எஞ்சின் சுமார் 150 கிலோ வரும். அதைப் பழைய டயர் மேல் சாய்த்துப் போட்டு வேலை பார்த்தால் இடுப்பு ஒடியும், மண்ணும் உள்ளே போகும். ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் தலைகீழாகத் திருப்பி, நின்றபடியே கிராங்க்கை இறக்கலாம்.

ஆனால் ஸ்டாண்டு எஞ்சினைப் பிடிப்பது பின்பக்கம் மட்டும்தான். ஸ்டாண்டின் பிளேட்டில் உள்ள கரங்களைக் கியர்பாக்ஸ் உட்காரும் முகத்தோடு சேர்ப்பது நாலு போல்ட், மற்றதெல்லாம் அந்தரத்தில். எடையின் மையம் பிளேட்டிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள இரண்டு போல்ட்டும் சேர்ந்து 240 கிலோ இழுவையைத் தாங்கியாக வேண்டும்! அதனால் கையில் கிடைத்த போல்ட்டைப் போடாதீர்கள். மில்லிமீட்டர் மரை என்றால் தலையில் 8.8 இருக்க வேண்டும். அம்பாசிடர் அங்குல மரை. அதற்குத் தலையில் மூன்று கோடு பொறித்த கிரேடு 5 போல்ட்டாவது வேண்டும். போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் மரைக்குள் இறங்கட்டும்.

வாங்கும்போது நான் பார்ப்பது கால்களை. முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று சக்கர ஸ்டாண்டு, எஞ்சினைத் திருப்பும்போது பக்கவாட்டில் சாயும். கார் எஞ்சினுக்கு அது வேண்டவே வேண்டாம். நாலு சக்கரம் இருக்கட்டும். முன்கால்கள் எஞ்சினின் எடை மையத்தையும் தாண்டி நீளட்டும். நீளம் போதாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்து, அதே கனத்தில் சதுரக் குழாய் வெட்டி நீட்டிக்கொள்ளலாம். நிற்கும் தூண் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் 6 மி.மீ. பிளேட்டில் முக்கோண முட்டு வைத்து வெல்டு அடிப்பது அவசியம். முறிவு அங்கேதான் தொடங்கும். சின்ன இரும்புச் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பிரேக் உள்ள பெரிய சக்கரமாக மாட்டுங்கள். சிமென்ட் தரையில் ஒரு நட் குறுக்கே கிடந்தாலே சின்னச் சக்கரம் சிக்கி நின்றுவிடும்.

பிளேட்டைத் தாங்கிச் சுழலும் குழாய்க்கு ஒரு கிரீஸ் நிப்பிள், லாக் பின்னுக்குக் கூடுதல் துளைகள், நீளமான கைப்பிடி. இவ்வளவும் அரை நாள் வேலை.

பலர் கவனிக்காதது எஞ்சின் சுழலும் அச்சு. அது எடை மையத்துக்குக் கீழே போனால், லாக் பின்னை உருவியதும் எஞ்சின் தானாகப் புரளும். அதனால் எஞ்சினைத் தூக்கிய செயின் பிளாக்கைக் கழற்றாமல், சங்கிலியைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னை உருவுகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையே சொல்லிவிடும். எடையைச் சங்கிலியில் மறுபடி ஏற்றி, கரங்களைத் தளர்த்தி, அச்சு எடை மையத்துக்கு ஒரு விரல் மேலே வரும்வரை நகர்த்துகிறேன். ஹெட்டைக் கழற்றியதும் மையம் கீழே இறங்கிவிடும், கைக்குத் தெரியும் கனமும் மாறும். அடுத்த முறை பின்னை உருவும்போது அதை நினைவில் வையுங்கள்.

ஃப்ளைவீலும் கிளட்ச்சும் ஸ்டாண்டில் ஏற்றுமுன்பே கழற்ற வேண்டியவை. திரும்ப மாட்டுவது, இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்ட பிறகுதான். அந்த நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையாவது இருக்கட்டும்; உங்கள் காலோ பிள்ளைகளோ அங்கே இருக்கவே கூடாது.