செவிலி இல்லம்

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கண்டறியப்பட்டது. கால்நடைகளின் பொருட்டுப் பொருது பட்ட வீரன் ஒருவனுடைய உருவமும் அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பெற்றுள்ளன. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. உதவிய நாயைப் போற்றுதல் மக்கட்கு இயல்பு.

உதவ இயலாத நாயையும் பேணியோர் உண்டு. செருமானிய நாட்டில் பான் நகரையொட்டிய ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டில் பழங்கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அது ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முற்பட்டது. அதனுள் மனிதர் இருவரின் எலும்புகளுடன் ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அக்குட்டி கொடிய நோயுற்றிருந்தது என்றும், மனிதர் பேணியிராவிடில் அத்தனை கிழமைகள் உயிர் தாங்கியிராது என்றும் அதன் பற்களை ஆராய்ந்த அறிஞர் கருதுகின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஓர் உயிரைப் பயன் கருதாது காத்த அருட்செயல் அது.

அத்தகைய அருளை இன்று வேண்டி நிற்பவை, கைவிடப்பட்ட முதிய நாய்கள். பசியாலும் நீர் வேட்கையாலும் துன்புறும் வகையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும், முதுமையுற்றபின் தெருவில் விடப்படும் நாய்கள் உள. அவற்றை மீட்டுக் காக்கும் நிலையங்கள் பல ஊர்களில் இயங்குகின்றன. கேப்டன் வி. சுந்தரம் 1959ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அவற்றுள் ஒன்று.

இந்நிலையங்களுக்கு வருவோர் பெரும்பாலும் துள்ளி விளையாடும் குட்டிகளையே விரும்பி அழைத்துச் செல்வர். மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் கிழநாயை நாடுவோர் சிலரே. பல நாய்கள் ஓயாது குரைக்கும் இடத்தில் அதன் அச்சமோ நாளுக்குநாள் மிகும். ஆதலின், நிலையான வீடு கிடைக்கும் வரையில் அதனைத் தம் இல்லத்தில் வைத்து வளர்க்கச் சிலர் முன்வருகின்றனர். ஈன்ற தாய் நற்றாய். வளர்த்த தாய் செவிலித்தாய் என்பது தமிழ் மரபு. அவ்வகையில், அந்நாய்க்கு அவர்தம் வீடு செவிலி இல்லம் ஆகும்.

செவிலியின் முதற்கடமை, அச்சத்தின் காரணம் அறிதல். முதிய நாய்க்குக் கண்ணில் புரை படரும், செவி மந்தமாகும், மூட்டுகள் நோகும், பற்கள் கெடும். பின்புறமாக வந்து ஒருவர் திடீரெனத் தொட்டால், அது நடுங்கிக் கடிக்கவும் கூடும். அது சினமன்று, நோயும் அச்சமுமே. ஆதலின், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நோய்க்கு மருந்தும் உரிய தடுப்பூசிகளும் பெறுதல் வேண்டும். வழுக்கும் தரையில் சாக்கு விரித்தல், எப்பொழுதும் முன்புறமாக அணுகுதல் ஆகியனவும் அதன் துன்பத்தைக் குறைக்கும்.

நாய் வாய் பேசாது, உடலாற் பேசும். வாலைக் கால்களுக்கிடையே செருகுதல், செவிகளைப் பின்னுக்கு மடித்தல், உதட்டை நக்குதல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்பகுதி தெரிய ஓரக்கண்ணால் நோக்குதல் ஆகியன அச்சத்தின் குறிகள். அவற்றைக் கண்டவர் உடனே விலகி நிற்றல் வேண்டும். ஒளிந்த இடத்தினின்று அதனை இழுத்தலும் அதட்டுதலும் கூடா.

உணவுக்கு முன் நாள்தோறும் ஓர் ஒலியைக் கேட்ட நாய்க்கு, பின்னர் அவ்வொலி கேட்ட அளவிலேயே வாயூறும் என்பதை உருசிய நாட்டு அறிஞர் பாவ்லவ் ஆய்ந்து காட்டினார். அச்சமும் இவ்வாறே பழக்கத்தால் வருவது. ஓங்கிய கையினால் அடியுண்ட நாய், ஊட்ட வரும் கையைக் கண்டும் ஒடுங்கும். பழக்கத்தால் வந்த அச்சத்தைப் பழக்கத்தாலேயே தணித்தல் வேண்டும். வேளை தவறாத உணவு, ஆரவாரமற்ற ஒரு மூலை, மென்மையான ஒரே குரல் என்னும் இம்மூன்றும் மருந்தினும் இன்றியமையாதவை.

தொடக்கத்தில் அந்நாய் வீட்டார் உறங்கிய பின்னரே உண்ணும். பின்னர், ஒருவர் தொலைவில் முகந்திருப்பி அமர்ந்திருக்க, அவர் முன்னிலையில் உண்ணும். ஒருநாள் தானே வந்து அவர் கையை மோந்து பார்க்கும். இதற்குச் சில நாட்களும் ஆகலாம். பல திங்களும் ஆகலாம். இடையே ஓர் இடியோசையோ தீபாவளி வெடியோ கேட்டால், அது மீண்டும் பழைய மூலைக்கே ஓடிவிடும். அப்பொழுது சலியாது மறுபடியும் தொடங்குபவரே செவிலி எனத் தக்கவர்.

அன்புடன் எச்சரிக்கையும் வேண்டும். அஞ்சிய நாயிடம் சிறுவர் தனியே செல்லலாகாது. எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

நிலையான வீடு கிடைத்ததும் அந்நாய் செவிலியைப் பிரிந்து செல்லும். அப்பிரிவு எளிதன்று. சங்க இலக்கியத்துச் செவிலியும் தான் வளர்த்த மகளைப் பிரிந்து வருந்துகின்றாள். பின்னர் அவள் புதுமனைக்குச் சென்று, அங்கு அவள் இனிது வாழ்தலைக் கண்டு மகிழ்கின்றாள். மூலையில் நடுங்கிக் கிடந்த நாய், வேறொருவர் வாயிலில் வாலாட்டி நிற்பதைக் காணும் செவிலிக்கும் அம்மகிழ்ச்சியே கைம்மாறு. தனக்கென வைத்துக்கொள்ளாது வளர்த்துத் தருதலும் அன்பின் ஒரு வகையே.