கிட்டார் பெட்டி இரைகிறதா?

திருகோணமலை சாம்பல்தீவில் என் மருமகனிடம் ஒரு பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் அம்பிளிபயர். "ஒரே இரைச்சல் மாமா, வீசப்போறன்" என்றான். உங்கள் லயத்திலும் இப்படி ஒன்று கிடக்கலாம். வீச வேண்டாம்.

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசி, ஈரம். அங்கே கடல் உப்புக்காற்று, இங்கே மலைப் பனி. துப்புரவாக்கினால் பெரும்பாலும் சரி. கிட்டார் இணைக்காமலே ஒரே சீராக இரைந்தால், அநேகமாகப் பெரிய கண்டென்சர் பழசாகிக் காய்ந்திருக்கும். மாற்றலாம்.

ஆனால் பிள்ளைகளே, நீங்கள் திறக்காதீர்கள். நம் கரண்ட் 230 வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். கை வைத்தால் அடிக்கும். பியூஸ் போனால் கம்பி சுற்றாதீர்கள், பெட்டி தீப்பிடிக்கும். வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

கண்டென்சர் மாற்றியபின் மருமகனின் பெட்டி பாடுகிறது.