மூன்றாவது வாரக் காய்ச்சல்

வீராம்பட்டினத்தில் ஒருவருக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை என்றால், அரியாங்குப்பத்தில் ஒரு ஈ.சி.ஜி., அடுத்து கோரிமேட்டு ஜிப்மர். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ மாத்திரைக்குக் கட்டுப்படாதபோது, இதய மருத்துவர்கள் சொல்லும் வழிகளில் ஒன்று அப்லேஷன். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான மின்துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டுவிடுவார்கள். அந்த இடம் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாய்ப்பகுதிதான் என்று 1998-ல் காட்டியது, பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேரின் குழு. (வாதக்காய்ச்சலில் வால்வு சுருங்கிப் படபடப்பு வந்தவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு முதலில் கவனிக்க வேண்டியது வால்வு.)

அப்லேஷனின் சிக்கல்களில் பல, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரிந்துவிடும். தொடையில் ரத்தம் கட்டுவது அதிகம். இதயச் சுவரில் துளை விழுந்து, சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் தேங்குவது சுமார் நூறில் ஒருவருக்கு. ஊசிக்குழாய் வைத்து உடனே வடிப்பார்கள். பக்கவாதம் அதைவிட அரிது.

அஞ்ச வேண்டியது வீட்டுக்கு வந்தபின் வருவது.

இடது மேலறைக்கு ஒட்டினாற்போலப் பின்னால் இருக்கிறது உணவுக்குழாய். சுட்ட வெப்பம் அதையும் தாக்கினால், புண் மெல்ல ஆழமாகி இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழலாம். 2023-ல் வெளியான ‘பாட்டர்-ஏ.எஃப்.’ ஆய்வு, உலகெங்கும் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளைப் பார்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் 138 பேர், அதாவது நாலாயிரத்தில் ஒருவர். ஆனால் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைக்கவில்லை. அறிகுறி தலைகாட்டியது பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்து: காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, சிலருக்குக் கை கால் இழுத்துக்கொள்வது.

அதற்குள் படபடப்பு நின்ற மகிழ்ச்சியில் ஆஸ்பத்திரியே மறந்திருக்கும். காய்ச்சல் என்றதும் நிலவேம்புக் கஷாயமும் பாராசிட்டமாலும்தான் நினைவுக்கு வரும். விழுங்க வலிக்கிறது என்று எண்டோஸ்கோப்பி செய்யப்போனால் இன்னும் ஆபத்து. உள்ளே செலுத்தும் காற்று ஓட்டை வழியாக இதயத்துக்கும் மூளைக்கும் போய்விடலாம். முதலில் எடுக்க வேண்டியது மார்பு சி.டி. ஸ்கேன்.

வெப்பத்துக்குப் பதில் மின்துடிப்பால் திசுவை அழிக்கும் புதிய முறை வந்திருக்கிறது. 2024-ல் வெளியான, 17,642 பேரைப் பற்றிய ஆய்வில் உணவுக்குழாய் ஓட்டை ஒன்றுகூட இல்லை. இதய உறையில் ரத்தம் தேங்குவது மட்டும் இதிலும் உண்டு.

கடலுக்குப் போகிறவர்கள் படகு தள்ளவும் வலை இழுக்கவும் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் டிஸ்சார்ஜ் சீட்டோடு அப்லேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். வேறு எங்கே போனாலும், “எனக்கு இதயத்தில் அப்லேஷன் ஆகியிருக்கிறது” என்பதை முதலில் சொல்லுங்கள்.