கீ… கர்ர்… இணைப்பு கிடைத்ததா?

2025 செப்டம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தனது டயல்-அப் இணையச் சேவையை மூடியது. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் படித்தபோது, தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கேட்ட கீச்சொலி மீண்டும் காதில் ஒலித்தது.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போது இணையம் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வரும். டிஎம்நெட் 1996இல் வந்தது. மோடம் 1515ஐச் சுழற்றும், மறுமுனை மோடத்தோடு கீச்சிட்டுப் பேசும், பிறகுதான் இணைப்பு. அட்டைப்பெட்டியில் 56 கிலோபிட் என்று போட்டிருப்பார்கள். 40 கிடைத்தாலே அதிர்ஷ்டம். 5 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சித்தி தொலைபேசியில் அழைத்தால் 'எங்கேஜ்' சத்தம்தான் கேட்பார்.

அது 2002. எங்கள் கணினியின் விண்டோஸை வைரஸ் தின்றுவிட்டிருந்தது. கணினி இதழோடு இலவசமாக வந்த குறுந்தட்டிலிருந்து மாண்ட்ரேக் லினக்ஸை ஏற்றினேன். எல்லாம் ஓடியது, இணையம் மட்டும் ஓடவில்லை. மோடம் இல்லை என்றது கணினி. பெட்டியைத் திறந்தால் அட்டை கண்முன்னே இருக்கிறது!

அந்த வாரம் பார்த்தா இது நடக்க வேண்டும்? கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று அக்காவின் வேலை விண்ணப்பத்தைச் சனிக்கிழமை காலை 9 மணிக்குள் மின்னஞ்சலில் கேட்டிருந்தது. வெள்ளி இரவு ஊரில் சைபர் கஃபேயும் மூடியாயிற்று. அக்கா என்னைத் திட்டவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பாயான் லெப்பாஸில் வேலை. ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் அவர் வந்து இறங்கியபோது மணி பதினொன்றரை. சட்டையைக்கூட மாற்றாமல் வந்து அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது பாதி மோடம்டா."

அதன் பெயர் 'வின்மோடம்'. விலையைக் குறைப்பதற்காக, மோடத்தில் இருக்க வேண்டிய சில்லுகளைக் குறைத்துவிட்டு, அவற்றின் வேலையைக் கணினியின் செயலியிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டுமே. பின்னாளில் சில வகைச் சில்லுகளுக்கு லினக்ஸிலும் வழி பிறந்தது. அன்றிரவு எங்களிடம் அது இல்லை.

மாமா தன் வீட்டிலிருந்து பழைய வெளிப்புற மோடத்தைக் கொண்டுவந்து சீரியல் போர்ட்டில் மாட்டினார். விண்டோஸில் 'காம்1' என்பது லினக்ஸில் 'டிடிஒய்எஸ்0'. இங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். நான் முதல் தடவை 1 என்று போட்டுப் பத்து நிமிடத்தை வீணாக்கினேன். மினிகாம் நிரலில் 'ஏடி' என்று தட்டியதும் மோடம் 'ஓகே' என்றது. அக்கா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

அடுத்து 'நோ டயல்டோன்'. கம்பியை 'லைன்' துளைக்குப் பதிலாக 'போன்' துளையில் செருகியிருந்தேன். மாற்றினோம். நிர்வாகிக் கணக்கில் அழைப்பு போனது. என் கணக்கில் போகவில்லை. சீரியல் போர்ட்டைத் தொட என் கணக்குக்கு அனுமதி இல்லை. அதையும் கொடுத்தோம்.

கீ… கர்ர்… இணைந்தது! பக்கம்தான் திறக்கவில்லை.

நானாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருப்பேன். மாமா இன்னொரு சாளரத்தில் லினக்ஸின் பதிவேட்டை ஓடவிட்டார். அழைத்தது, கடவுச்சொல்லை ஏற்றது, முகவரி எண் வாங்கியது என ஒவ்வொரு படியும் அதில் வரிவரியாக வந்தது. எந்த வரியோடு நின்றதோ அதற்கு அடுத்த இடத்தில்தான் கோளாறு. எங்களுடையதில் எல்லா வரியும் வந்திருந்தது. சந்தாத் தாளில் இருந்த எண் முகவரி ஒன்றுக்கு 'பிங்' அனுப்பினார், பதில் வந்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் பதில் இல்லை. அதாவது சாலை சரியாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையின் முகவரிதான் கணினிக்குத் தெரியவில்லை. 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் இரண்டே வரிகள் சேர்த்தோம்.

(இன்று வீட்டில் வைஃபை சின்னம் முழுசாகத் தெரிந்தும் எதுவும் திறக்காவிட்டால் இதே சோதனையைச் செய்து பாருங்கள். ரவுட்டரை அணைத்து ஏற்றுவதற்கு முன் எண் முகவரிக்கு ஒரு பிங், பெயருக்கு ஒரு பிங். கோளாறு வீட்டுக் கம்பியிலா, பெயர் தேடுவதிலா என்று இரண்டு நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.)

அக்காவின் மின்னஞ்சல் போனபோது இரவு மணி ஒன்றேகால். அம்மா மாமாவுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அக்கா பட்டர்வொர்த்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குப் பஸ் ஏறினார், வேலையும் கிடைத்தது.

மோடத்தை மாமா திருப்பிக் கேட்கவே இல்லை. மறு ஆண்டு ஒரு மாலை மழையில் பெரிய இடி. தொலைபேசிக் கம்பியைக் கழற்ற மறந்திருந்தேன். விளக்குகள் எதுவும் எரியவில்லை. அதை மாமாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று.