கை நடுங்கினால் பார்க்கின்சன்தானா?

காபி டம்ளரை எடுக்கும்போது பெரியவருக்குக் கை நடுங்கினால் வீட்டில் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் பார்க்கின்சன். ஆனால், அதைவிடப் பரவலான கோளாறு ஒன்று உண்டு. அதன் பெயர் எசென்ஷியல் ட்ரெமர். பார்க்கின்சனில் கை பெரும்பாலும் மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கும்; எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் தணியும். எசென்ஷியல் ட்ரெமரில் இது தலைகீழ். சும்மா இருக்கும் கை அமைதியாக இருக்கும். கையெழுத்துப் போடும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, ரசத்தைக் கரண்டியில் அள்ளும்போதுதான் ஆட்டம் தொடங்கும். இந்த ஆட்டத்தின் வேரைத் தேடிப்போன ஆய்வாளர்கள் வந்து நின்ற இடம் சிறுமூளை.

பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளைக்கு அடியில் இருக்கிறது சிறுமூளை. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆனால், மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்களில் சுமார் 6,900 கோடி இங்கேதான் இருப்பதாக, 2009இல் வெளியான பிரேசில் ஆய்வாளர்களின் கணக்கு சொல்கிறது.

அதன் வேலை என்ன என்பதைத் துல்லியமாகக் காட்டியது முதல் உலகப்போர். தலையின் பின்புறம் குண்டடிபட்ட வீரர்களை பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் பிரான்ஸில் பரிசோதித்தார். சிறுமூளையின் வலப்பக்கம் காயம்பட்டால் வலக்கைதான் பாதிக்கப்படும். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கச் சொன்னால் அந்தக் கை தாமதமாகக் கிளம்பும். மூக்கைத் தொடச் சொன்னால் குறி தப்பும். மூக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். ஒரு கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, மற்றதை ஒவ்வொரு அசைவுக்கும் யோசித்துத்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது என்றார் ஒரு நோயாளி.

இதனால், சிறுமூளை கெட்டால் அசைவில் நிதானம் போகும் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. நாம் நினைக்காமலே உடம்பு முறுக்கிக்கொள்வது, தானாக ஆடுவது போன்றவற்றை மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற பகுதியின் கணக்கில் சேர்த்தன. பல ஆண்டுகள் இந்தப் பாகப்பிரிவினையை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

கேள்வி கேட்க வைத்தது ஒரு எலி. டிஸ்டோனியா என்ற கோளாறில் தசைகள் விடாமல் இறுகி, கழுத்தையோ கைகால்களையோ முறுக்கிவிடும். பிறவியிலேயே இப்படி முறுக்கிக்கொள்ளும் ஒரு வகை எலிகளின் சிறுமூளையை அமெரிக்க ஆய்வாளர்கள் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். நடை தள்ளாடியது, ஆனால் முறுக்கல் நின்றுபோனது. இது 1993இல் வெளியான ஆய்வு. மனிதர்களிலும் சிறுமூளையே இல்லாமல் பிறப்பவர்கள் மிக அரிதாக உண்டு. 2014இல் சீன மருத்துவர்கள் அறிவித்த 24 வயதுப் பெண் அப்படிப்பட்டவர். ஏழு வயதில்தான் துணையில்லாமல் நடந்தார். பேச்சில் தெளிவின்மையும் இருந்தது. ஆனாலும் மணமாகி, ஒரு குழந்தைக்கும் தாயாகியிருந்தார். சிறுமூளை இல்லாவிட்டால் அசைவு தடுமாறும். இருந்துகொண்டு தப்பான கட்டளை அனுப்பினால் உடம்பு தானாக ஆடும், முறுக்கும். இரண்டும் வேறு வேறு தொல்லைகள்.

தப்பான கட்டளை எப்படிப் பிறக்கிறது? சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழி புர்கின்ஜே செல்கள். செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்கின்ஜே 1837இல் விவரித்தவை இவை. தனக்கு அடுத்துள்ள செல்களை அடக்கிவைக்கும் பிரேக்தான் ஒவ்வொரு புர்கின்ஜே செல்லும். மூளைத்தண்டிலிருந்து வரும் ஓர் ஏறு இழை அதைச் சுற்றிப் படர்ந்து, எப்போது எப்படித் துடிக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டே இருக்கும். எசென்ஷியல் ட்ரெமரோடு வாழ்ந்து இறந்தவர்களின் சிறுமூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்த இழைகள் படரக்கூடாத கிளைகளிலும் படர்ந்திருந்தன. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே பிசகை எலிகளில் உண்டாக்கி, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். எலிகள் நடுங்கின. இழையின் செயலை அடக்கியதும் நடுக்கம் தணிந்தது. ஒளியைப் பாய்ச்சிப் புர்கின்ஜே செல்களை ஒரே தாளத்தில் துடிக்கவிட்டபோது, அந்தத் தாளத்துக்கே எலி ஆடியது. எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களின் சிறுமூளையிலும் அளவுக்கு மீறிய இத்தகைய அலைகள் பதிவாகின.

அப்படியானால் பேசல் கேங்லியாவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்டிரிக் குழுவினர், நரம்பிலிருந்து நரம்புக்குத் தாவும் ரேபீஸ் வைரஸைக் குரங்கு மூளையில் செலுத்தி அது போன தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். சிறுமூளைக்கும் பேசல் கேங்லியாவுக்கும் இடையே போக்கும் வரவும் இருப்பது தெரிந்தது. பார்க்கின்சன் நடுக்கத்திலேயே சிறுமூளைப் பாதைக்கும் பங்கு உண்டு என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து.

சிகிச்சையும் இந்தப் பாதையை ஒட்டியே போகிறது. சிறுமூளையின் செய்தி பெருமூளைக்குப் போகும் வழியில் தலாமஸ் என்ற சந்திப்பு இருக்கிறது. 1987இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் பெனாபிட்டின் குழுவினர் அங்கே மின்முனையைப் பொருத்தி, இடைவிடாத மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கினார்கள். மண்டை ஓட்டைத் திறக்காமல், குவித்த அல்ட்ராசவுண்டால் அதே இடத்தில் ஒரு சிறு புள்ளியைச் சுடும் முறைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது. பெரும்பாலோருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. புரோப்ரனலால், பிரிமிடோன் மாத்திரைகளே முதல் படி. கொஞ்சம் மது குடித்தால் நடுக்கம் குறைவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். போதை இறங்கியதும் நடுக்கம் இன்னும் கூடுதலாகத் திரும்பும் என்பதால் அது வைத்தியம் ஆகாது.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ஆஸ்துமா மருந்துகள் சிலவற்றாலும் கை நடுங்கும். அதனால் மருத்துவரிடம் போகும் முன் நடுக்கம் எப்போது வருகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம், குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று குறித்துவைப்பது நல்லது. ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொல்லியே நரம்பியல் மருத்துவர் பாதி விஷயத்தைக் கண்டுகொள்வார். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா எசென்ஷியல் ட்ரெமருக்குப் பலன் தராது. எந்த நடுக்கம் என்று தெரிந்துகொள்ளாமல், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது.