கைரேகை தேய்ந்த கைகளுக்கு முகமே சான்று: தங்கவயலில் புதிய இணையச் சேவைகள் எவ்வாறு பயன்படுகின்றன?

கோலார் தங்கவயல்: புதிய செயலியோ கருவியோ அறிமுகமாகும்போது அதன் வேகம், விலை, வடிவம் ஆகியவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. முதியவர் ஒருவர் பிறர் துணையின்றி அதனைப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் அக்கேள்விதான் முதன்மையானது.

சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் வாழும் இந்நகரில் ஓய்வூதியம், ரயில் பயணச்சீட்டு, பணப் பரிமாற்றம், வீட்டுப் பதிவு ஆகியவை ஒவ்வொன்றாகக் கைபேசிக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. அவற்றுள் எது உதவுகிறது, எங்கு இடறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மின்சாரத்தை முந்திக் கண்ட ஊர்

தங்கவயலுக்குத் தொழில்நுட்பம் புதிதன்று. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தி செய்யப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து 1902-ஆம் ஆண்டில் இங்குள்ள சுரங்கங்களை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்வழித்தடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-ஆம் ஆண்டில் வளிமண்டல நியூட்ரினோ துகள்கள் கண்டறியப்பட்டதும் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வாகும்.

ஆனால், 1902-இல் மின்சாரம் வந்தது சுரங்கத்துக்காக. தொழிலாளியின் தேவைக்காக அன்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. இன்று வரும் சேவைகளுக்குச் சுரங்கம் இலக்கன்று, தனிமனிதரே இலக்கு. எனவே அவரது கை, முகம், மொழி ஆகியவற்றுக்கு அவை பொருந்த வேண்டியுள்ளது.

உயிர்வாழ் சான்றிதழ்: விரலிலிருந்து முகத்துக்கு

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று அளிக்க வேண்டும். அளிக்காவிடில் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். இதற்காக வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அலைவதைத் தவிர்க்க, 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு உயிர்வாழ் சான்றிதழ்த் திட்டம் 2014-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்டது.

தொடக்கத்தில் கைரேகை அல்லது கருவிழிப் பதிவே ஆதார் எண்ணுடன் ஒப்பிடப்பட்டது. இங்குதான் சிக்கல் எழுந்தது. கடும் உடல் உழைப்பாலும் முதுமையாலும் விரல் நுனியின் ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. பல்லாண்டு பாறையோடும் இரும்போடும் பழகிய கைகளைக் கருவி அடையாளம் காணத் தவறுவதில் வியப்பில்லை. தன் ஊழியத்தின் தடயமே ஒருவரது அடையாளத்துக்குத் தடையாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வாக, முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் வசதி 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகப்படுத்தப்பட்டது. தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் இதற்கான இரு செயலிகளை நிறுவினால் போதும். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை உள்ளிட்ட பின் கேமரா முகத்தைப் படம்பிடிக்கும். அப்போது கண் சிமிட்டுமாறு செயலி கேட்கும். எதிரில் இருப்பது நிழற்படம் அன்று, உயிருள்ள மனிதரே என்பதை உறுதிசெய்யவே இந்த ஏற்பாடு.

மகனின் கைபேசியிலிருந்தே தந்தைக்கும் தாய்க்கும் சான்றிதழ் பெறலாம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் கீழ் வருவோர் நவம்பர் மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டின் எந்த நாளிலும் சமர்ப்பிக்கலாம். அன்றிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். வெளிச்சம் குறைந்த லைன் வீட்டின் உள்ளறையைவிட, வாசலில் நாற்காலி போட்டு அமரவைத்துப் படமெடுப்பதே எளிது. கைபேசிக்கு வந்துசேரும் பிரமாண் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, சான்றிதழ் ஏற்கப்பட்டதா என்பதையும் பின்னர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொல் பெங்களூருவில், தாய் தங்கவயலில்

சுரங்கம் மூடப்பட்ட பின் இவ்வூரின் இளைய தலைமுறையினர் பெருமளவில் பெங்களூருவை நம்பியே வாழ்கின்றனர். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் விடியலில் ஏறி, இரவில் திரும்புகின்றனர். ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. இவர்களுக்கு 2025-ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமான 'ரயில்ஒன்' செயலி பெரும் வசதியாகும். முன்பதிவில்லாப் பயணச்சீட்டையும் மாதாந்திரப் பயணச்சீட்டையும் வரிசையில் நில்லாமல் அதில் பெறலாம். எனினும், மின்னேற்றம் தீர்ந்து கைபேசி அணைந்துவிட்டால் சீட்டைக் காட்ட இயலாது. அது சீட்டில்லாப் பயணமாகவே கருதப்படக்கூடும். காலை முதல் இரவு வரை வெளியில் இருப்பவருக்கு இது சிறிய குறையன்று.

இதே அன்றாடப் பயணம் வீட்டில் வேறொரு தடையை உண்டாக்குகிறது. பல குடும்பங்களில் பெற்றோரின் ஆதாருடனும் வங்கிக் கணக்குடனும் இணைக்கப்பட்டிருப்பது பிள்ளையின் கைபேசி எண்ணே. ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் பகல் வேளையில் பெங்களூருவில் உள்ள பிள்ளைக்குச் செல்கிறது. சேவை வேண்டிய தாயோ தங்கவயலில் காத்திருக்கிறார். பத்து நிமிடங்களில் காலாவதியாகும் கடவுச்சொல்லுக்காக அவர் பிள்ளையின் தொலைபேசி அழைப்பை எதிர்நோக்க வேண்டியுள்ளது. சாதாரண பொத்தான் கைபேசியாயினும், முதியவர் பெயரில் தனி எண் பெற்று அதனை இணைத்து வைப்பதே இதற்கு எளிய வழி.

அத்தகைய கைபேசியிலும் பணம் அனுப்ப இயலும் என்பது பலரும் அறியாத செய்தி. இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் 'யு.பி.ஐ. 123பே' சேவையை அறிமுகப்படுத்தியது. இணைய இணைப்பின்றி, குறிப்பிட்ட எண்ணை அழைத்து, குரல் வழிகாட்டுதலின்படி எண்களை அழுத்திப் பணம் செலுத்தலாம்.

பேசும் பெட்டி ஏன் வந்தது?

ராபர்ட்சன்பேட்டை கடைவீதி உட்பட நாடெங்கும் கடைகளில் வந்த தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டியைக் காணலாம். வாடிக்கையாளர் காட்டும் 'பணம் செலுத்தப்பட்டது' என்ற திரைப்படம் போலியாக இருக்கக்கூடும். பெட்டியோ தன்னுள் இருக்கும் சிம் அட்டை வழியாகப் பணச் சேவை நிறுவனத்திடமிருந்து நேரடியாகத் தகவல் பெற்று அறிவிக்கிறது. எழுதப் படிக்க இயலாத வணிகரும் தமிழிலோ கன்னடத்திலோ தொகையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். திரையும் எழுத்தும் இன்றி இயங்கும் இப்பெட்டியே அண்மைக் காலக் கருவிகளுள் எளியோருக்கு மிகவும் நெருக்கமானது எனலாம்.

மொழிபெயர்ப்பில் வீடு மனையாகும் இடர்

தங்கவயலில் தமிழ் பேசுவோர் மிகுதி. அரசு ஆவணங்களின் மொழியோ கன்னடம். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 'பாஷிணி' உள்ளிட்ட இயந்திர மொழிபெயர்ப்புச் சேவைகள் இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. ஆவணத்தைக் கைபேசியில் படமெடுத்தால் அதன் பொருளைத் தமிழில் படித்துக் காட்டும் செயலிகளும் உள்ளன. அறிவிப்பு எதைப் பற்றியது, கடைசித் தேதி எது என்பவற்றை அறிய இவை பெரிதும் உதவும்.

ஆயினும், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் அறிந்த இடர்கள் இதில் உண்டு. கன்னடத்தில் 'மனெ' என்றால் வீடு. தமிழில் 'மனை' என்றால் கட்டடமில்லா நிலம். ஆங்கிலத்தில் சுரங்கத்தைக் குறிக்கும் 'மைன்' என்ற சொல்லே 'என்னுடையது' என்றும் பொருள்படும். கன்னடத்தில் வங்கிக் கணக்கைக் குறிக்கும் சொல்லே, சொத்துவரிப் பதிவேட்டில் ஒருவர் பெயரில் உள்ள 'காத்தா' பதிவையும் குறிக்கும். கர்நாடகத்தில் சொத்துப் பத்திரப் பதிவுக்கு 2024 முதல் மின்னணுக் காத்தா கட்டாயமாக்கப்பட்டுள்ள நிலையில், இச்சொல்லை இயந்திரம் வெறும் 'கணக்கு' என்று தந்தால் படிப்பவர் அதனை வங்கி விவகாரம் என ஒதுக்கிவிட நேரிடும்.

எனவே, பொருளை அறிந்துகொள்ள இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம். கையெழுத்திட அதனை மட்டும் நம்பலாகாது. வீடு, நிலம், பணிக்கொடை தொடர்பான தாளைக் கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

உயிர்வாழ் சான்றிதழைப் புதுப்பித்துத் தருவதாகக் கூறி ஓ.டி.பி. கேட்கும் மோசடி அழைப்புகள் நாடெங்கும் பதிவாகியுள்ளன. ஓய்வூதிய அலுவலகமோ வங்கியோ தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பதில்லை. பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அதனை உள்ளிடச் சொன்னால் பணம் வெளியேறப் போகிறது என்றே பொருள். காணொலி அழைப்பில் காவலர் உடையில் தோன்றி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்பது இந்தியச் சட்டத்தில் இல்லாத ஒன்று. பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து புகார் அளித்தால் மோசடியாளரின் கணக்கில் பணத்தை முடக்க வாய்ப்புள்ளது.

முகத்தால் சான்று தரலாம், குரலால் பணம் செலுத்தலாம், தாய்மொழியில் ஆவணத்தைப் படிக்கலாம் என்ற நிலை உருவாகியிருப்பது உண்மையான முன்னேற்றமே. விடியலில் ரயிலேறும் பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் அமர்ந்து இவற்றை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்துபார்க்கச் சொன்னால், அடுத்த முறை முதியவர்கள் இடைத்தரகரையோ இரவு ரயிலையோ எதிர்நோக்க வேண்டியிராது.