திருநம்பி: ஏன்? எப்படி?

ஓரிக்கையில் தறி ஓடும் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் ‘பெண்’ என்று பதிவாகிறது. வளர வளர அந்தப் பிள்ளை தன்னை ஆணாகவே உணர்கிறது. அவர்தான் திருநம்பி. பட்டுப்பாவாடை பிடிக்காத பெண்கள் எல்லோரும் திருநம்பிகள் அல்ல. ‘நான் ஆண்’ என்ற உணர்வு நிலைத்து நிற்பதே அடையாளம்.

ஏன் இப்படி? மரபணுக்களுக்கும், கருவில் மூளை சந்திக்கும் ஹார்மோன்களுக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒற்றைக் காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. வளர்ப்பின் குறை என்பதற்கோ ஆதாரமே இல்லை. 2019-இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இந்த நிலையை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது.

உடலையும் அதற்கேற்ப மாற்ற விரும்புகிறவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்கிறார்கள். சில மாதங்களில் பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும். குரல்நாண்கள் தடித்துக் குரல் கனக்கும், மீசை அரும்பும். மருந்தை நிறுத்தினால் மாதவிடாய் திரும்பக்கூடும், பழைய குரல் திரும்பாது. பலருக்குத் தெரியாத ஒன்று: மாதவிடாய் நின்றாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றிலும் போய்விடுவதில்லை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகலாம் என்பதால் அவ்வப்போது பரிசோதனையும் வேண்டும். தானாக வாங்கி ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து.

சிகிச்சையே எடுக்காதவரும் திருநம்பிதான். பாலின அடையாளத்தை ஏற்க அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று நடத்தப்படும் சிகிச்சைகளுக்கு எதிராக 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெற்றோரே, பிள்ளையைப் பூசாரியிடம் இழுத்துப் போகாதீர்கள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவன் விரும்பும் பெயரால் கூப்பிடுங்கள்.